பேஸ்பாலில் ‘நிரந்தரத் தகுதியிழப்பு’ என்றால் என்ன? பீட் ரோஸ் ஏன் அதில் சிக்கினார்?

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் எந்த அணியிலும் எந்தப் பொறுப்பும் வகிக்க முடியாதபடி ஒருவரை விலக்கி வைப்பதுதான் இது. 4,256 ஹிட்களுடன் (பந்தை அடித்துப் பாதுகாப்பாக பேஸை எட்டுவதுதான் ஹிட்) இன்றும் முதலிடத்தில் இருக்கும் பீட் ரோஸ், சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் மேலாளராக (யார் ஆடுவது என்று முடிவெடுப்பவர்) இருந்தபோது பந்தயம் கட்டியதற்காக 1989 ஆகஸ்டில் விலக்கப்பட்டார். விதி 21 தெளிவானது: தனக்குச் சம்பந்தமில்லாத ஆட்டத்தில் பணம் கட்டினால் ஓராண்டுத் தடை, தான் பங்குபெறும் ஆட்டம் என்றால் நிரந்தரம்.

தன் அணி ஜெயிக்கும் என்றுதானே கட்டினார், அதில் என்ன தப்பு? பணம் கட்டிய நாளில் ஜெயித்தே ஆகவேண்டுமென்று களைத்த பிட்சரையும் (பந்து வீசுபவர்) மேலாளர் இறக்கிவிடலாம். அந்தக் கை கெட்டுப்போகும். கட்டாத நாளோ, இன்று அணி ஜெயிக்கும் என்ற நம்பிக்கை அவருக்கே இல்லை என்று சூதாடிகளுக்கு ஒரு சைகை. கடன் ஏறினால் அவர்கள் பிடியும் இறுகும். விடைத்தாள் திருத்தும் ஆசிரியரே தன் மாணவன்மேல் பந்தயம் கட்டினால் எப்படி இருக்கும், அப்படித்தான்.

ரோஸுக்கு 1990-இல் பொய் வருமான வரிக் கணக்குக்காக 5 மாதச் சிறை. பேஸ்பாலில் பந்தயம் கட்டியதை 2004-இல்தான் ஒப்புக்கொண்டார். எனக்கு அதுதான் பெரிய வருத்தம். 2024-இல் இறந்தார். 2025 மே மாதம் தடை நீக்கப்பட்டது.

தடையால் அவர் சாதனைகள் அழிந்தன என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு ஹிட்கூட நீக்கப்படவில்லை, மூடப்பட்டது சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் வாசல்தான், அதுவும் 1991-இல் வந்த தனி விதியால்.