சமையல்கட்டு கேள்வி பதில்: வெள்ளைக் கம்பியும் மொட்டைக் கத்தியும்

பட்டர்வொர்த் வாசகி: அக்கா, கோலாலம்பூர்ல வேலை பாக்குற மகன் தீபாவளிக்கு வந்தப்ப கத்தி தீட்ட ஒரு வெள்ளைக் கம்பி வாங்கிட்டு வந்தான், செராமிக் ராடாம். யூடியூப்ல பாத்த மாதிரியே ரெண்டு வாரமா தேய்க்கிறேன். கத்தி தக்காளிய நறுக்க மாட்டேங்குது, நசுக்குது. கம்பிதான் கன்னங்கரேல்னு ஆயிடுச்சு. டூப்ளிகேட்டா இருக்குமோ?

பதில்: கம்பி மேல பழி போடாதீங்கம்மா. அந்தக் கறுப்பு உங்க கத்தியோட இரும்புதான், கறுத்திருக்குன்னா அது பாட்டுக்கு வேலை பாத்திருக்குன்னு அர்த்தம். செராமிக் ராடுங்கிறது பெரும்பாலும் அலுமினாவ, அதாவது அலுமினியம் ஆக்சைட, பொடியாக்கி, அச்சுல அழுத்தி, சூளையில சுட்டது. மாணிக்கமும் நீலக்கல்லும்கூட அதே சரக்குதான், நம்ம பாஷையில குருந்தம், இங்கிலீஷ்காரன் கோரண்டம்னு சொல்றானே அதுவே நம்ம சொல்லுலேர்ந்து போனதுதான். கல்லுங்களோட கடினத்த 1லேர்ந்து 10 வரைக்கும் அளக்கிற மோஸ் அளவுல வைரம் 10, இது 9, கத்தி இரும்பு 6, 7 கிட்டதான் நிக்கும். ரெண்டும் உரசினா எது தேயும்னு நீங்களே சொல்லுங்க.

சரி, அப்புறம் ஏன் வெட்டலை? அந்தக் கத்திய கல்லுல கடைசியா எப்ப தீட்டினீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. ஞாபகமே வரலைன்னா அதுதான் பதில். கம்பியால கொஞ்சம் சாஞ்ச கூர நிமித்தலாம், லேசா தேஞ்சத சீவலாம், அவ்வளவுதான், வருஷக்கணக்கா ஓடி ஓடி விளிம்பே உருண்டு போன கத்திய அதால எழுப்ப முடியாது. அதுக்கு ஹார்ட்வேர் கடையில 1000 நம்பர் கல் ஒண்ணு வாங்கி, தண்ணி விட்டு, ஒரு பக்கத்த தேய்ச்சிக்கிட்டே இருங்க, மறுபக்கம் விரல்ல பிசிறு தட்டுற வரைக்கும். அப்புறம் திருப்பி அந்தப் பக்கமும் அதே மாதிரி. அதுக்கப்புறம்தான் கம்பிக்கு வேலை.

எங்கப்பா கெடா பக்கம் எஸ்டேட்டுல பால்மரம், அதான் ரப்பர் மரம், சீவினவரு. விடியக்காத்தால பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்பறதுக்கு முன்னாடி கல்லுல கத்திய பத்து இழு இழுத்து வச்சிட்டுதான் கோப்பியவே தொடுவாரு. மொட்டைக் கத்தியோட போனா பட்டை தடியா உரியும், மரத்துல காயம் படும், கங்காணி வாய்க்கு வந்தபடி திட்டுவாரு. தினம் பத்து இழுப்பு இழுத்ததால அவரு கத்தி சாகுற அளவுக்கு ஒருநாளும் போகல. நாமதான் தீபாவளிக்கு தீபாவளி கத்திய நினைக்கிறோம்.

ரெண்டாவது சாய்வு. அந்த வீடியோ சமையல்காரங்க காத்துல கம்பிய புடிச்சு சிலம்பம் சுத்துறாங்களே, அத மறந்துடுங்க. ஈரத்துணி மடிச்சு பலகையில போட்டு, கம்பியோட நுனிய அது மேல ஊன்றி நட்டமா புடிங்க. கத்திய கம்பிக்குக் குறுக்கா வச்சா அது 90 டிகிரி, அதுல பாதி 45, அதுலயும் பாதி 22 சொச்சம், அதுலேர்ந்து ஒரு துளி உள்ள சாச்சா 20. சாதாரண வீட்டுக் கத்திக்கு அது சரி. பிடிப் பக்கம் மேலேருந்து ஆரம்பிச்சு, கீழ இறக்கிக்கிட்டே உங்க பக்கமா இழுங்க, கம்பி முடியற இடத்துல கத்தி நுனியும் முடியணும். இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு மாத்தி மாத்தி ஆறேழு தடவை போதும். அழுத்தவே அழுத்தாதீங்க, கத்தியோட கனமே போதும். நம்மாளுங்க முக்காவாசிப் பேர் சொதப்புறது இங்கதான், வெட்டலைன்ன உடனே கோவத்துல ஓங்கி அழுத்தி தேய்ப்பாங்க, இருக்கிற கூரும் மடிஞ்சு போகும்.

சாய்வுல சந்தேகமா, விளிம்புல மார்க்கர் பேனாவால கோடு போட்டுட்டு ரெண்டு இழு இழுத்துப் பாருங்க. கூர் ஓரத்துல மை அப்படியே இருந்து மேல மட்டும் அழிஞ்சிருந்தா ரொம்பப் படுக்க வச்சிருக்கீங்க. ஓரத்துல மட்டும் அழிஞ்சிருந்தா ரொம்பத் தூக்கியிருக்கீங்க.

கம்பியயும் கழுவணும், இரும்புத்தூள் அடைச்சுக்கிட்டா வழவழன்னு ஆயி சும்மா வழுக்கிட்டுப் போகும். பாத்திரம் தேய்க்கிற பவுடரும் ஈர ஸ்பாஞ்சும் போதும். எண்ணெய் மட்டும் தடவிடாதீங்க.

செந்தூல் வாசகர்: கத்தி செட்டு வாங்கினப்பவே கோடு போட்ட இரும்புக் கம்பி ஒண்ணு கூட வந்துச்சு. அது இருக்கும்போது செராமிக் தண்டச் செலவுதானே?

பதில்: கொஞ்சம் மிருதுவான இரும்புல செஞ்ச கத்தின்னா அதுவே ஓடும் அண்ணே, சாஞ்ச கூர நிமித்தி விடும். ஆனா ஜப்பான் கத்தி மாதிரி ரொம்பக் கெட்டியான இரும்புன்னா அந்தக் கோடு பட்டு பொடிப்பொடியா பல்லு விழும், அதுக்கு வழவழப்பான செராமிக்தான் நல்லது, சாய்வும் 15 டிகிரிக்குக் கொண்டு வந்துடுங்க. ஒரே ஒரு எச்சரிக்கை, செராமிக் கீழ விழுந்தா ஓடு மாதிரி உடையும். என்னோடது சிங்க்ல விழுந்து ரெண்டாப் போச்சு, அன்னைக்கு நான் சாப்பிடவே இல்ல.

ஆயர் ஈத்தாம் வாசகி: மாமியார் ஊர்லேர்ந்து கொண்டுவந்த அருவாமனை மொட்டையாக் கிடக்கு. சாணை பிடிக்க யாருமே வர்றதில்ல. கம்பியால முடியுமா?

பதில்: நல்லாவே முடியும், சொல்லப்போனா தட்டைக் கல்லவிட இதுக்கு உருண்டைக் கம்பிதான் தோது, ஏன்னா அருவாமனை உள்பக்கமா வளைஞ்சிருக்கும், தட்டைக் கல் அந்த வளைவுக்குள்ள இறங்காது. துரு இருந்தா முதல்ல புளியப் போட்டுத் தேய்ச்சுக் கழுவி துடைச்சிடுங்க. அப்புறம் காய் நறுக்குற மாதிரியே பலகைய காலால அமுக்கிக்கிட்டு, கத்திய அசையவிடாம கம்பிய மட்டும் நகத்துங்க, முதுகுப் பக்கத்துலேர்ந்து கூர்ப் பக்கமா, அடியிலேர்ந்து நுனி வரைக்கும். நுனியில இருக்கிற தேங்காய் துருவுற பல்லுகிட்ட மட்டும் போகாதீங்க. முடிச்சதும் ஒரு சொட்டு தேங்காயெண்ணெய், நம்ம ஊர் ஈரக்காத்துக்கு ஒரே ராத்திரியில துரு ஏறிடும்.

பிரிக்பீல்ட்ஸ் மாணவர்: ரூம்ல நாலு பேர், ஒரே கத்தி. கம்பி வாங்க காசு இல்லக்கா.

பதில்: தம்பி, கோப்பித்தியாம்ல, அதான் காப்பிக் கடையில, பாக்குற மாதிரி தடிப் பீங்கான் கோப்பை இருக்கா? கவுத்துப் போட்டுப் பாரு, அடியில ஒரு வளையம் மெருகு இல்லாம சொரசொரன்னு இருக்கும். அதுல அதே சாய்வுல, அதே மாதிரி அழுத்தாம இழு. கம்பி அளவுக்கு வராது, ஆனா வெங்காயம் அழாம வெட்டலாம். சரி, கொஞ்சமா அழுது வெட்டலாம்.

பங்சார் வாசகி: வெள்ளை செராமிக் கத்திய செராமிக் கம்பியில தீட்டலாமா?

பதில்: வேணாம்மா. அதுக்கு வைரத்தூள் பூசின தீட்டி வேணும், வீட்டுல முயற்சி பண்ணினா விளிம்பு சில்லு சில்லா உடையும்.

ஜார்ஜ் டவுன் வாசகர்: தைப்பூசத்துக்கு தண்ணீர்ப் பந்தல்ல மூட்டை மூட்டையா காய் நறுக்குவோம். எவ்வளவு தீட்டிட்டுப் போனாலும் அரை மணி நேரத்துல எல்லாக் கத்தியும் மொட்டை.

பதில்: எதுமேல வச்சு நறுக்குறீங்கன்னு எழுதலையே அண்ணே, இருந்தாலும் நான் சொல்லிடுறேன், எவர்சில்வர் தட்டு! எல்லாப் பந்தல்லயும் அதத்தான் பாக்குறேன், தட்டுல போட்டு வெட்டினா ஒவ்வொரு வெட்டுக்கும் கூர் இரும்புல முட்டுது, அப்புறம் எப்படி நிக்கும். மரப்பலகையோ பிளாஸ்டிக் பலகையோ நாலஞ்சு தூக்கிட்டுப் போங்க. கம்பியயும் துணியில சுத்தி எடுத்துக்கங்க, அரை மணிக்கு ஒருதடவை ஒரு ஆள் எல்லாக் கத்தியையும் பக்கத்துக்கு மூணு இழு இழுத்துக் கொடுத்தா போதும், ஆனா இழுத்த கையோட ஈரத்துணியால துடைச்சிடணும், இரும்புத்தூள் சாம்பார்ல போகக்கூடாது. பூசணிக்காய்க்கு தனியா ஒரு பாராங், அதான் வெட்டுக்கத்தி, வச்சுக்கங்க.