சொல்லாமல் விட்ட வாக்கியம் எது?

கேள்வி: வங்கித் தேர்வுக்குப் படித்து வருகிறேன். ஒரு கூற்றைக் கொடுத்து, அதில் மறைந்துள்ள அனுமானம் எது என்று கேட்கும் வினாக்களில் எல்லா விடைகளுமே சரியாகத் தோன்றுகின்றன. எப்படிப் பிரித்தறிவது?

பதில்: கூற்றுக்கு முன்பே ஏற்றுக்கொள்ளப்பட்டதையும், கூற்றிலிருந்து பெறப்படுவதையும் ‘அனுமானம்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் இருப்பதால், உங்கள் தடுமாற்றத்தில் பாதி அங்கிருந்தே வந்திருக்கும் என்று கருதுகிறேன். முன்னதை எடுகோள் என்றும் பின்னதை முடிவு என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

எடுகோளைக் கண்டுபிடிக்க, கொடுத்த விடையை மறுத்துப் பாருங்கள். ‘பேருந்து நிலையத்துக்கு மிக அருகில் உள்ளோம், எங்களிடம் தங்குங்கள்’ என்று ஒரு விடுதி விளம்பரம் செய்கிறது. ‘பேருந்து நிலையத்தின் அருகில் தங்கச் சிலராவது விரும்புவர்’ என்பதை மறுத்தால் விளம்பரத்துக்கே பொருளில்லாமல் போகிறது. ஆகவே அது எடுகோள். ‘அப்பகுதியில் வேறு விடுதி இல்லை’ என்பதை மறுத்தாலோ, பக்கத்தில் பத்து விடுதிகள் இருந்தாலும் விளம்பரம் அப்படியே நிற்கிறது. ஆகவே அது எடுகோள் அன்று.

முடிவு காணும் வினாக்களுக்கு, மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்லும் முறை இன்றும் உதவும். இம்மலை நெருப்புடையது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகையுடைமையால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களைபோல் என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. நாமோ பேச்சுவழக்கில் ‘புகை தெரிகிறது, நெருப்பு இருக்கிறது’ என்று இரண்டே வாக்கியங்களில் முடித்துவிடுகிறோம். ‘புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு’ என்ற பொதுவிதி சொல்லப்படாமலே நழுவிவிடுகிறது. அதை எழுதிப் பார்த்தால்தான் அதன் திசை தெரியும்: பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை, எனவே நெருப்பைக் கொண்டு புகையைத் துணிய முடியாது. ‘மேலாளர் அனைவரும் பட்டதாரிகள், மாலதி பட்டதாரி, ஆகவே மாலதி மேலாளர்’ என்ற விடையில் ஏமாறுவதும் இந்தத் திசைப் பிழையால்தான்.

தெரிவது ஆவியா, பனியா என்ற ஐயம் தீராமலே, அதைப் புகையெனக் கொண்டு நெருப்பு உண்டு எனத் துணிவதையும் அக்காதை பிழைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. அந்த ஐயத்தைத் தேர்வறைக்குள் மட்டும் கொண்டு செல்லாதீர்கள். ‘எல்லாப் பேனாக்களும் பறவைகள்’ என்று வினாத்தாள் சொன்னால், அந்த வினா முடியும்வரை அவை பறவைகளே.