கனடாவிலிருந்து அக்கா வருகிறார். வேன் கூலிக்குச் சங்கிலியை அடகு வைப்பதா?

கேள்வி: நான் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கும் பாடசாலை ஆசிரியை. வரும் ஆடியில், இன்னும் 8 மாதத்தில், கனடாவிலிருந்து அக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகள் 14 நாள் நிற்க வருகிறார்கள். 11 வருடத்துக்குப் பிறகு வருகிறார்கள். பாசிக்குடா, அறுகம்பை, உகந்தை முருகன் கோயில், திருகோணமலை, கண்டி, நுவரெலியா எல்லாம் பார்க்க ஆசைப்படுகிறார்கள். என் கணவரும் அம்மாவும் சேர்ந்தால் 7 பேர். தெரிந்தவர் ஒருவர் 14 நாளும் வேன் தருகிறார். நாளுக்கு 17,000 ரூபா, அதில் 100 கிலோமீற்றர் அடக்கம். கூடினால் கிலோமீற்றருக்கு 110. டிரைவருக்கு நாளுக்கு 2,500 பாட்டா (தினப்படி). விமான நிலையத்திலிருந்து ஏற்றி வருவது மட்டும் என்றால் 45,000 என்கிறார். அக்காவிடம் காசு கேட்க மனம் வரவில்லை. சங்கிலியை அடகு வைத்து 3 இலட்சம் எடுக்கலாம் என்று யோசிக்கிறேன். அத்தானோ வாடகைக்குக் கார் எடுத்துத் தானே ஓட்டுகிறேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, முதலில் சங்கிலியைக் கழுத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். அதை அடகு வைக்க வேண்டிய தேவை இந்தக் கணக்கில் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அந்த வேன்காரர் சொன்ன விலை பார்வைக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு விஷயம் பேசாமல் விடப்பட்டிருக்கிறது: 100 கிலோமீற்றரை ஒவ்வொரு நாளும் தனித்தனியாகப் பார்ப்பாரா, 14 நாளுக்கும் மொத்தமாக 1,400 என்று பார்ப்பாரா? உங்கள் பயணத்தைக் கூட்டிப் பார்த்தேன். கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய்வர ஏறக்குறைய 600 கிலோமீற்றர். பாசிக்குடாவுக்கு 70. அறுகம்பையும் உகந்தையும் 280. திருகோணமலை, அங்கே சுற்றுவதோடு 300. கடைசியில் கண்டி, நுவரெலியா, அங்கிருந்து விமான நிலையம், பிறகு வேன் ஊர் திரும்புவது, எல்லாம் 750. மொத்தம் 2,000. மொத்தமாகப் பார்த்தால் மேலதிகம் 600 கிலோமீற்றர், 66,000 ரூபா. நாளுக்கு நாள் பார்த்தால், வீட்டில் நிற்கும் நாட்களில் ஓடாத கிலோமீற்றர் எல்லாம் வீணாகிவிடும். அப்போது, விமான நிலையம் போய்வர 2 நாள் என்று வைத்தால், மேலதிகம் 1,030 ஆகும், கொடுக்க வேண்டியது 113,300. ஒரே வேன், ஒரே ரோடு, ஆனால் 47,300 ரூபா வித்தியாசம். கடைசி நாளில் பிள்ளைகள் பெட்டி தூக்கிக்கொண்டு நிற்கும்போது இதைப் பற்றி வாக்குவாதப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது, வேன் சும்மா நிற்கும் நாட்கள். உங்கள் திட்டப்படி குறைந்தது 4 நாள் எல்லோரும் வீட்டில்தான் இருப்பீர்கள். சொந்தக்காரர் வருவார்கள், ஆச்சி வீட்டுக்குப் போவீர்கள், பின்னேரம் கல்லடிக் கடற்கரைக்குப் போவீர்கள். அந்த 4 நாளும் மாமரத்துக்குக் கீழே நிற்கும் வேனுக்கு, பாட்டாவோடு சேர்த்து 78,000 ரூபா போகிறது. டிரைவர் தன் வீட்டில்தான் நித்திரை கொள்வார். கல்லடியிலிருந்து டவுனுக்குப் பாலம் தாண்டினால் போதும், ஓட்டோ இருக்கிறது. ஏறும் முன் விலையைப் பேசிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

அதனால் வேனை மொத்தமாக எடுக்காமல் ஓடும் நாட்களுக்கு மட்டும் எடுங்கள். விமான நிலையத்திலிருந்து வருவதற்கு அவர் சொன்ன 45,000. இதை இன்னும் குறைத்துக் கேட்கலாம். மட்டக்களப்பிலிருந்து ஆட்களைக் கட்டுநாயக்கவில் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் வேன்கள் உண்டு. நாளும் நேரமும் பொருந்தினால் அவர்களுக்கு அது மிச்சக் காசு, உங்களுக்கும் மலிவு. பாசிக்குடாவுக்கு ஒரு நாள் 17,000, காலையில் போய்ப் பின்னேரம் வந்துவிடலாம், பாட்டா தேவையில்லை என்று பேசுங்கள். அறுகம்பை, உகந்தை 2 நாள் 47,800. திருகோணமலை 2 நாள் 50,000. மலைநாடு 3 நாள் 108,000. மொத்தம் 267,800. 14 நாள் வேனுக்கு நாளுக்கு நாள் கணக்கில் 386,300 வந்திருக்கும். மொத்தக் கணக்கில் பார்த்தாலும் 339,000.

அந்தக் கடைசி 3 நாளில் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. நுவரெலியாவிலிருந்து விமான நிலையத்துக்கு 170 கிலோமீற்றர், அங்கே இறக்கிவிட்டு மட்டக்களப்புக்கு 300. ஒரே நாளில் ஒரே டிரைவர் இதை ஓடக்கூடாது. திரும்பும் வண்டியில் நீங்களும் அம்மாவும் இருப்பீர்கள். ஹபரணைக்கும் பொலன்னறுவைக்கும் இடையே இரவில் யானை ரோட்டுக்கு வரும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கி வாருங்கள். மேலதிக நாளுக்கு 19,500 என்றாலும், மொத்தக் கணக்குப் பேசியிருந்தால் 100 கிலோமீற்றர் அதில் அடங்கிவிடும், 11,000 குறையும். உண்மையில் கூடுவது 8,500 ரூபாவும் அறைக் காசும்தான். டிரைவருக்கும் படுக்க ஒழுங்கான இடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். ஆசனத்தில் சாய்ந்து கண்ணயர்ந்தவரை நம்பி 7 பேரை ஏற்ற முடியாது.

ரயிலில் வரலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு ஓடும் உதயதேவி ரயிலில் பகல் நேரம் வருவது அழகான பயணம், கட்டணமும் வேனோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. ஆனால் கனடாவிலிருந்து நித்திரை கெட்டு வந்து இறங்கியவர்களைப் பெரிய பெட்டிகளோடு கோட்டை ஸ்டேஷனுக்கு இழுத்தடிக்க வேண்டாம். ரயில் ஆசை இருந்தால் அத்தானும் பிள்ளைகளும் மட்டும் பொலன்னறுவைக்குப் போய்வரட்டும். 2025 நவம்பரில் டித்வா புயலுக்குப் பிறகு ரயில் பாதைகள் பல இடங்களில் சேதமானதால், நேரத்தை ஸ்டேஷனில் கேட்டு உறுதி செய்துவிட்டே திட்டமிடுங்கள். தெற்கே அறுகம்பைப் பக்கம் ரயில் கிடையாது, மட்டக்களப்போடு பாதை முடிகிறது.

அத்தான் கார் ஓட்டும் விஷயத்துக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். சட்டப்படி முடியும். 2025 முதல் வெளிநாட்டவர்களுக்குக் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தற்காலிக அனுமதிப்பத்திரம் கொடுக்கிறார்கள். ஆனால் அவர் வருடக்கணக்காக ரோட்டின் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவர், இங்கே இடப்பக்கம். அனுமதிப்பத்திரம் சரியில்லாமல் ஒரு விபத்து நடந்தால் காப்புறுதி கைவிரிக்கும். அந்தச் செலவு வேன் கூலியைப் போலப் பல மடங்கு வரும். போதாக்குறைக்கு 7 பேர் ஒரு காரில் போகவும் முடியாது.

இதே காப்புறுதிக் கேள்வியை வேன்காரரிடமும் கேளுங்கள். வேன் தனிப்பட்ட பாவனைக்குக் காப்புறுதி செய்யப்பட்டதா, ஹயருக்கா? தனிப்பட்ட பாவனை என்றால், காசுக்கு ஏற்றிய பயணிகளுக்கு நட்டஈடு மறுக்கப்படலாம். தெரிந்தவர் என்பதற்காகக் கேட்காமல் விடாதீர்கள். பத்திரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாம், தவறில்லை.

இனி மனதுக்குக் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். அக்காவிடம் கேட்க வெட்கம் என்கிறீர்கள். எனக்கு அது நன்றாகப் புரிகிறது, நம் வீடுகளில் வளர்ந்த எவருக்கும் புரியும். வந்தவர்களை ராசாவாகப் பார்க்க வேண்டும் என்று ஆசை. என் தம்பி ஒருமுறை ஜெர்மனியிலிருந்து வந்தபோது நானும் வாய் திறக்கவில்லை. நான் கொடுப்பேன் என்று அவனும், அவன் கொடுப்பான் என்று நானும் இருந்தோம். கடைசி நாள் வாசலில் டிரைவர் முன்னால் இரண்டு பேரும் பர்ஸை எடுத்துக்கொண்டு நின்றது இன்றைக்கும் மனதில் நிற்கிறது. அவன் எனக்குப் பிறகு சொன்னது, "முதலே சொல்லியிருந்தால் அனுப்பியிருப்பேனே" என்று.

3 இலட்சம் அடகுக்கு, உதாரணமாக வருடத்துக்கு நூற்றுக்கு 14 வட்டி என்று வைத்தால், 42,000 ரூபா வட்டிக்கே போகும். மீட்க முடியாமல் தவணை கடந்தால் ஏலம். எரிந்து போகும் டீசலுக்காகக் கழுத்துச் சங்கிலியை அந்த நிலைக்குக் கொண்டுபோக உங்கள் அக்காவே சம்மதிக்கமாட்டார்.

பிரித்துக்கொள்ளுங்கள். பாசிக்குடாவும் உகந்தையும் உங்கள் கையால், 64,800. மாதம் 8,100 வீதம் 8 மாதம் சேர்த்தால் சரியாக வந்துவிடும், தனி சேமிப்புக் கணக்கில் போடுங்கள். விமான நிலையம், திருகோணமலை, மலைநாடு மூன்றும் அக்காவுக்கு, 203,000. இப்படி எழுதுங்கள்: "அக்கா, உகந்தைக்கும் பாசிக்குடாவுக்கும் நான் கூட்டிப்போறன். மற்றப் பயணத்துக்கு வேன் இவ்வளவு வருது, அதை நீங்கள் பாருங்கோ." இதில் கையேந்துவது ஒன்றும் இல்லை. நீங்கள் உங்கள் பங்கைச் சொல்லிவிட்டுத்தான் அவர் பங்கைச் சொல்கிறீர்கள்.

வேன்காரரிடம் ரூபாவில் மட்டும் பேசுங்கள். வெளிநாட்டுக்காரர் என்று தெரிந்தால் டொலரில் விலை சொல்பவர்கள் உண்டு. 2022 இல் ஓர் அமெரிக்க டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 வரை போனதை நாம் பார்த்தோம். உங்கள் பேச்சு ரூபாவில் நிற்கட்டும். டீசல் விலை இடையில் மாறினால் யார் பொறுப்பு, அட்வான்ஸ் எவ்வளவு, கிலோமீற்றர் மொத்தக் கணக்கு, பாதைக் கட்டணமும் பார்க்கிங்கும் யாருடையது, இவற்றை ஒரு வாட்ஸ்அப் செய்தியில் எழுதி "சரி" என்று பதில் வாங்கி வையுங்கள். அட்வான்ஸ் கால் பங்குக்கு மேல் வேண்டாம். புறப்படும்போதும் முடியும்போதும் மீற்றரைப் போட்டோ எடுங்கள்.

அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். பல கனடா கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டில் செலவழித்தால் 2.5 சதவீதம் பிடிக்கிறார்கள். கிரெடிட் கார்டில் காசு எடுத்தால் அன்றே வட்டி தொடங்கும், டெபிட் கார்டில் எடுப்பது நல்லது. மெஷின் டொலரா ரூபாவா என்று கேட்டால் ரூபாவைத்தான் அமத்த வேண்டும். அடிக்கடி கொஞ்சமாக எடுக்காமல், பயணத்துக்குப் பயணம் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

ஆடி என்றால் கதிர்காமத்துக்குப் போகிறவர்களும் அறுகம்பைக்கு அலையில் சறுக்க வருகிறவர்களும் ஒரே நேரத்தில் வேன் தேடுவார்கள், அதனால் வைகாசிக்கு முன்பே நாட்களைக் குறித்துவிடுங்கள். ஆடி அமாவாசை இந்த 14 நாளுக்குள் வந்தால், மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு வேன் பேசவே வேண்டாம். அமிர்தகழி வீதி முழுக்கச் சனமாக இருக்கும். ஓட்டோவில் கிட்டவரை போய், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை எல்லோரும் நடந்து போங்கள்.