ராத்திரியில் யார் அங்கே 'டக் டக்'?

இந்த முறை தபாலில் சத்தம்தான் அதிகம். மோட்டார்ஹோம் (வீடாகவே இருக்கும் வண்டி) வைத்திருக்கும் வாசகர்கள் வண்டிக்குள் கேட்கும் 'டக் டக்', 'உர்ர்', 'கீச்' எல்லாவற்றையும் எழுத்தாக்கி அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் செல்போனில் பதிவு செய்தே அனுப்பிவிட்டார். நன்றி. ஆனால் சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட அது எப்போது வருகிறது, எதைப் போட்டால் வருகிறது, எதை அணைத்தால் நிற்கிறது என்பதுதான் எனக்கு வேண்டும். அதையும் சேர்த்து எழுதியவருக்கு முதல் பதில்.

கேள்வி: சார், வெளிக் கரன்ட் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தித் தூங்கினால், நடுராத்திரிக்கு மேல் கட்டிலுக்கு அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். சில நொடி விட்டு மறுபடி 'டக்'. ஹீட்டர் ஓட ஆரம்பித்தால்தான் இது. கூடவே விளக்கும் அணைந்து அணைந்து எரிகிறது. வெயில் ஏறிவிட்டால் ஒன்றும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் விட்டேன், அங்கே சத்தமே வரவில்லை. ஆனாலும் ரிலேயை (கரன்ட்டைத் தானாகச் சேர்த்துப் பிரிக்கும் ஸ்விட்சை) மாற்றிக் கொடுத்தார்கள். அன்று ராத்திரியே திரும்பவும் 'டக்'.
– தூக்கம் கெட்டவர்

பதில்: ஒர்க்‌ஷாப்பில் வராததில் ஆச்சரியம் இல்லை. வண்டி உள்ளே போனதும் பெரும்பாலும் முதல் வேலையாக வெளிக் கரன்ட் பிளக்கைச் செருகிவிடுவார்கள். சார்ஜர் 13.6 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும்போது உங்கள் கோளாறு எப்படித் தலைகாட்டும்? ரிலேயை மாற்றியதும் எனக்குப் பிடிக்கவில்லை. சத்தம் போடுகிறவன்தான் குற்றவாளி என்று முடிவு கட்டுவது எங்கள் தொழிலில் பழைய வியாதி. பல நேரம் அவன் புகார் கொடுக்க வந்தவன்.

உங்கள் கட்டிலுக்கு அடியில் இருப்பது, வீட்டுப் பக்கத்து பேட்டரி, அதாவது இன்ஜினுக்கு அல்லாமல் விளக்கு, ஹீட்டருக்குக் கரன்ட் கொடுக்கும் பேட்டரி, முழுக்க வடிந்துவிடாமல் காக்கும் கட்-ஆஃப் ரிலேயாக இருக்கும். தன் முனையில் வோல்டேஜ் ஏறக்குறைய 10.5 முதல் 11-க்குள் இறங்கினால் அது லோடைத் துண்டித்துவிடும். துண்டித்ததும் ஹீட்டர் ஃபேன், விளக்கு எல்லாம் விடுபடும், வோல்டேஜ் 12-க்கு மேல் ஏறும். 'சரி, பேட்டரி தேறிவிட்டது' என்று ரிலே மறுபடி சேரும். சேர்ந்ததும் ஃபேன் கரன்ட்டை இழுக்கும், வோல்டேஜ் விழும், மறுபடி 'டக்'. விளக்கும் அணைந்து எரிகிறது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரிதான் எனக்குப் பெரிய உதவி. விளக்கு அசையாமல் 'டிக் டிக்' மட்டும் வந்திருந்தால் நான் ஃபிரிட்ஜ் பக்கம் போயிருப்பேன். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜில் சிலிண்டர் தீர்ந்துவிட்டால், தீப்பொறி போடும் கருவி பற்றவைக்கப் பார்த்து டிக்டிக்கென்று அடித்துக்கொண்டிருக்கும்.

இப்போது கேள்வி, வோல்டேஜ் எங்கே விழுகிறது? பேட்டரியிலேயே விழுகிறதா, அங்கிருந்து ரிலே வரும் வழியிலா? சாதாரண மல்டிமீட்டர் போதும். டிசி வோல்ட்டில் வையுங்கள். ராத்திரி, ஹீட்டரும் விளக்கும் ஓடும்போதே, பேட்டரியின் ஈய முனைகள் இரண்டின் மேலும் நேரடியாக ஊசியை வைத்துப் பாருங்கள். ஒயர் நுனியில் மாட்டியிருக்கும் உலோக வளையத்தின் (லக்) மேல் வைக்காதீர்கள், முனையின் மேலேயே வையுங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு, அப்புறம் ரிலேயின் உள்வரும் முனையில் பாருங்கள்.

பேட்டரியில் 12.3, ரிலேயில் 10.9 என்று வந்தால், நடுவில் 1.4 வோல்ட் காணாமல் போகிறது. அந்த நேரம் 10 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 14 வாட். அத்தனையும் எங்கோ ஒரு நட்டுக்கு அடியிலோ ஃபியூஸ் ஹோல்டருக்குள்ளோ சூடாக மாறிக்கொண்டிருக்கிறது. தூக்கம் கெடுவதைவிட இதுதான் எனக்குக் கவலை.

இடத்தைப் பிடிக்க, லோடு ஓடும்போதே துண்டு துண்டாக அளங்கள். ஒரு ஊசி ஈய முனையில், இன்னொன்று அதன்மேல் மாட்டியிருக்கும் லக்கில். பிறகு ஃபியூஸின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். பிறகு நெகட்டிவ் முனைக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவில். நல்ல இணைப்பில் மீட்டர் பூச்சியத்தை ஒட்டி நிற்கும். ஒரு இணைப்பில் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதைக் கழற்றிப் பார்க்கவேண்டும். என் அனுபவத்தில் அதிகம் மாட்டுவது பாசிட்டிவ் பக்கம் அல்ல, சட்டத்தில் முறுக்கிய எர்த் போல்ட்தான். பெயின்ட்டுக்கு மேலேயே லக்கை வைத்து முறுக்கியிருப்பார்கள், இல்லையென்றால் கீழே துரு பூத்திருக்கும். மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும், கழற்றினால் லக்கின் அடிப்பக்கம் பழுப்பேறி, ஒயரின் உறை ஓரத்தில் சற்று இறுகிப் போயிருக்கும். வெறும் உலோகம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். முறுக்குவதற்குப் பதில் ஸ்பிரே அடித்துவிட்டு வருவது வேலையே அல்ல.

கழற்றும் முன் எல்லா லோடையும் அணைத்துவிடுங்கள். சோலார் இருந்தால் பேனல் ஒயரை கன்ட்ரோலரிலிருந்து முதலில் பிரியுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். கையில் மோதிரம், உலோகச் சங்கிலி எதுவும் வேண்டாம். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியம் செய்பவர்கள் உண்டு. ஷாக் அடிக்காதுதான், ஆனால் ஸ்பேனர் இரண்டு முனையையும் தொட்டால் அங்கேயே வெல்டிங் ஆகிவிடும்.

பேட்டரி முனையிலேயே 11-க்கு இறங்கினால் கதை வேறு. பேட்டரி கிழமாகிவிட்டது, அல்லது பகலில் நிரம்பவே இல்லை. ஈய அமில பேட்டரி என்றால் லோடு இல்லாமல் சில மணி நேரம் ஓய்வில் விட்டு அளந்தால் 12.7 நிறைவு, 12.2 பாதி, 11.8 காலி. லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அது கிட்டத்தட்ட கடைசி வரை 13-ஐ ஒட்டியே நின்றுவிட்டுத் திடீரென்று விழும்.

இன்னொரு வாசகருக்கு இதே 'டக் டக்' விடிகாலையிலும் சாயங்காலமும் மட்டும் வருகிறதாம். உங்களிடம் சோலார் பேனல் இருக்குமே? இன்ஜின் பேட்டரி, வீட்டுப் பக்கத்து பேட்டரி இரண்டையும் இணைக்கும் ரிலே பொதுவாக 13.3 வோல்ட் வாக்கில் சேர்ந்து 12.8 வாக்கில் பிரியும். இளவெயிலில் பேனலுக்கு அந்த வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்கத் தெம்பு இல்லை. சேர்ந்து சேர்ந்து பிரிகிறது. வெயில் ஏறியதும் நின்றுவிட்டால் பயப்பட ஒன்றும் இல்லை.

கேள்வி: வெளிக் கரன்ட் பிளக்கைச் செருகியதும் அலமாரிக்குப் பின்னால் 'உர்ர்ர்' என்று ஒரே சீராக இரைகிறது. முந்தாநாள் மழை பெய்தபோது அந்த 'உர்ர்' நடுவில் 'சிர்ர், சடசட' என்றும் வந்தது. திறந்து பார்க்கலாமா?
– அலமாரிக்காரர்

பதில்: திறக்காதீர்கள். உங்களுக்கு வந்தது இரண்டு வெவ்வேறு சத்தம், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சீரான 'உர்ர்' டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தோ, வெளிக் கரன்ட்டுக்கும் இன்வெர்ட்டருக்கும் மாற்றிவிடும் கான்டாக்டரிலிருந்தோ வருகிறது. ஏசி கரன்ட் 50 ஹெர்ட்ஸ் என்றால் இரும்புக் கோர் ஒரு நொடிக்கு 100 தடவை இழுபட்டு விடுபடும், 60 என்றால் 120. ஒவ்வொரு அலையிலும் மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம். அந்த அதிர்வைத்தான் அலமாரிப் பலகை பெரிதாக்கிக் காட்டுகிறது. முன்பு இல்லாமல் இப்போது புதிதாக இரைந்தால், வெளிக் கரன்ட்டின் வோல்டேஜ் குறைவாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இழுப்பு போதாமல் கான்டாக்டர் நடுங்கும். கேபிளைச் சுருளிலேயே விட்டுவிட்டு முனையை மட்டும் இழுத்துச் செருகும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். முழுக்கப் பிரித்துப் போடவேண்டும். சுருளுக்குள் சூடு வெளியேற வழி இல்லை.

'சிர்ர், சடசட' வேறு ஜாதி. அது பொறி. எங்கோ லூஸான ஸ்க்ரூவில், அல்லது ஈரம் இறங்கிய சாக்கெட்டில், கரன்ட் தாவிப் போகிறது. வண்டி ஓடும்போது வீடே அதிர்கிறது. ஸ்க்ரூக்கள் தளர்வது இயற்கை. இதற்கு நேரம் கொடுக்காதீர்கள். வெளியே கம்பத்தில் பிரேக்கரை இறக்கிவிட்டு, அதற்குப் பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். அப்புறம் பலர் மறந்துபோகும் ஒன்று: இன்வெர்ட்டரையும் அணைக்கவேண்டும். பிளக்கைப் பிடுங்கினால் கரன்ட் போய்விட்டது என்று நினைத்துக் கை வைப்பார்கள். உள்ளே இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து அதே 230-ஐ, சில நாடுகளில் 120-ஐ, சாக்கெட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். நீங்கள் பார்க்கக்கூடியது பிளக்கின் பின்களை. ஒன்று மட்டும் பழுப்பாகவோ, பக்கத்து பிளாஸ்டிக் உருகியோ இருந்தால் பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். புதுப் பிளக்கைக் கருகிய சாக்கெட்டில் செருகினால் சில வாரத்தில் அதுவும் கருகும். மற்றதெல்லாம் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை.

கேள்வி: வண்டி ஓட்டும்போது பாட்டுக்குப் பின்னால் 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சுருதி ஏறுகிறது.

பதில்: சுருதி இன்ஜினோடு ஏறினால் ஆல்டர்னேட்டர் (இன்ஜினோடு சுற்றிக் கரன்ட் தரும் கருவி) சமாசாரம். முதலில், போனிலிருந்து ஒயர் போட்டுப் பாட்டுக் கேட்கும்போது மட்டும் வருகிறதா, ரேடியோவிலும் வருகிறதா என்று பாருங்கள். போனை அதே வண்டியில் சார்ஜில் போட்டிருந்து, சார்ஜ் ஒயரைப் பிடுங்கியதும் நின்றால், இரண்டு எர்த் வழியாகக் கரன்ட் சுற்றி வருகிறது. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா கிடைக்கும், ஆடியோ ஒயரில் நடுவே மாட்டினால் முடிந்தது.

எல்லாவற்றிலும் வருகிறது என்றால், இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து இன்ஜின் பேட்டரி முனையில் அளங்கள். 0.5-க்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டரின் டயோடு ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம். அதைத் தள்ளிப்போட்டால் பேட்டரியும் கெடும். இன்ஜின் அணைத்த பிறகும் ரேடியோ இரைந்தால் எல்இடி விளக்கு, சோலார் கன்ட்ரோலர், யுஎஸ்பி சார்ஜர் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மலிவான யுஎஸ்பி சார்ஜர்மேல்தான் எனக்கு முதல் சந்தேகம் எப்போதும்.

கேள்வி: இன்வெர்ட்டரில் போட்டால் மட்டும் டேபிள் ஃபேன் முனகுகிறது. வெளிக் கரன்ட்டில் அமைதியாக ஓடுகிறது.

பதில்: உங்களுடையது மாடிஃபைட் சைன் வேவ் இன்வெர்ட்டர். அலை வழுவழுப்பாக இல்லாமல் படிக்கட்டாக வருவதால் மோட்டார் முனகுகிறது, கூடுதலாகச் சூடும் ஆகும். ஃபேனில் கோளாறு இல்லை. மாற்றுவதானால் பியூர் சைன் வேவ் இன்வெர்ட்டருக்கு மாறுங்கள்.

கேள்வி: எங்கிருந்து என்றே தெரியாமல் நிமிஷத்துக்கு ஒரு தரம் 'கீச்' என்கிறது. எல்லா ஃபியூஸையும் பிடுங்கிவிட்டேன், நிற்கவில்லை.

பதில்: ஃபியூஸைப் பிடுங்கியும் நிற்கவில்லை என்றால் அதற்குச் சொந்த பேட்டரி இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு அலாரம் அல்லது புகை அலாரம். பேட்டரியை மாற்றுங்கள். மாற்றியும் கீச்சிட்டால் கழற்றிப் பின்பக்கம் தேதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் சென்ஸாருக்கு ஆயுள் உண்டு, மாடலைப் பொறுத்துப் பெரும்பாலும் 5 முதல் 10 வருஷம். அதற்கு மேல் ஆனது குப்பைக்கு. எரிச்சலில் பேட்டரியைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். 'கீச்' போய், இடைவிடாமல் அலற ஆரம்பித்தால் காரணம் தேடாதீர்கள். எல்லோரையும் எழுப்பிக்கொண்டு வெளியே வாருங்கள்.

கேள்வி: சத்தம் வரும் இடத்தைக் கண்டுபிடிக்க நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்துக் கேட்கலாம் என்கிறார் மாமா. சரியா?

பதில்: இன்ஜினில் பேரிங் சத்தம் கேட்க மாமா சொன்னது சரி. கரன்ட் பெட்டியிடம் அந்த வேலை வேண்டாம், இரும்பின் ஒரு முனை ஒயரிலும் மறு முனை காதிலும் இருக்கக் கூடாது. ஒரு முழம் ரப்பர் குழாயை வெட்டி, ஒரு முனையைக் காதோரம் பிடித்து மறு முனையைப் பலகைமேல் நகர்த்திப் பாருங்கள். எந்தப் பலகைக்குப் பின்னால் என்று அதுவே சொல்லிவிடும்.