நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு வீட்டுக் காற்றுச் சுத்திகரிப்பான் உதவுமா?

ஓரளவு உதவும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்பது மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சுருங்கி, மூச்சை வெளியே விடுவதே பெரும்பாடாகும் நிலை. பீடியைத் தொடாமல், விறகடுப்புப் புகையிலேயே காலம் தள்ளிய பெண்களுக்கும் இது வருகிறது. வீட்டார் அதை வயதின் இளைப்பு என்று விட்டுவிடுவதுதான் வேதனை.

மதுரை மாசி வீதிகளில் ஜன்னலைத் திறந்தால் வாகனப் புகை உள்ளே வரும். அதில் 2.5 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகள்கள் நுரையீரலின் அடிவரை இறங்கி வீக்கத்தைக் கிளறும். சீமைக் கருவேலம் புதரில் இலவம்பஞ்சு சிக்குவதுபோல, சுத்திகரிப்பானுக்குள் இருக்கும், நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியின் இழைகளில் அவை சிக்கிக்கொள்கின்றன. ஆனால், அதே அறையில் கொசுவர்த்திச் சுருள் புகைந்தால் பலன் குறையும்.

சுத்திகரிப்பான் ஆக்சிஜன் தரும் கருவி அல்ல. இதை நம்பி இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்.