கணினி படித்தால் அது படிப்பு இல்லையா?

போன இதழில், ஆயிரக்கணக்கான கட்டுரைகளைக் கணினியை வைத்து அலசி அதிலிருந்து புது விஷயம் கண்டுபிடிக்கும் ‘டெக்ஸ்ட் மைனிங்’ பற்றி, அதாவது உரை அகழ்வு பற்றி, ஒரு கேள்விக்குச் சின்னதாகப் பதில் எழுதியிருந்தேன். அதை ஒட்டி வந்த கடிதங்களில் சிலவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

நான் மருந்தியலில் பிஎச்.டி. செய்கிறேன். “கட்டுரைகளை நீ படிக்காமல் கணினியைப் படிக்க விட்டால் அது ஆராய்ச்சியே இல்லை, குறுக்குவழி” என்கிறார் என் நெறியாளர். அவருக்கு என்ன பதில் சொல்வது சார்?
– ஆராய்ச்சி மாணவி, திருச்சி

அவரோடு வாதாட வேண்டாம் அம்மா, டான் ஸ்வான்சனின் கதையைச் சொல்லுங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தவர். மருத்துவர் இல்லை, நூலக, தகவல் அறிவியல்காரர். குளிர் பட்டால் விரல் நுனிக்கு ரத்தம் போகாமல் வெளுத்து நீலம் பாரித்துப்போகும் ரேனாட் நோய் என்று ஒன்று இருக்கிறது. அந்த நோயாளிகளுக்கு ரத்தம் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது, ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்று ஒரு பக்கம் கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன. மீன் எண்ணெய் சாப்பிட்டால் ரத்தத்தின் கெட்டித்தன்மை குறைகிறது, தட்டணு ஒட்டுவதும் குறைகிறது என்று இன்னொரு பக்கம் வேறு ஆட்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கூட்டம் எழுதியதை அந்தக் கூட்டம் படிக்கவில்லை, மேற்கோள் காட்டவும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஸ்வான்சன், மீன் எண்ணெய் இந்த நோய்க்கு உதவலாமே என்று 1986இல் எழுதினார். அவர் கையில் ஆய்வகம் இல்லை, நோயாளி இல்லை, இருந்தது தரவுத்தளத் தேடல் மட்டும்தான். 1989இல் வெளியான ஒரு சிறிய மருத்துவச் சோதனையில், வேறு நோய் எதுவும் இல்லாமல் ரேனாட் மட்டும் இருந்தவர்களுக்கு மீன் எண்ணெய் பலன் தந்தது தெரியவந்தது. 1988இல் ஒற்றைத் தலைவலிக்கும் மக்னீசியக் குறைவுக்கும் இதே மாதிரி ஒரு முடிச்சைக் காட்டினார்.

ஸ்வான்சன் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே இதைச் செய்தார், அப்போது அது ஓரளவு முடிந்தது. இன்றைக்குப் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் மட்டும் 3 கோடியே 50 லட்சத்துக்கு மேல் பதிவுகள் இருக்கின்றன. ஒரு நாளைக்குப் பத்து கட்டுரை வீதம் முப்பது வருடம் விடாமல் படித்தாலும் ஒரு லட்சத்துச் சொச்சம்தான் வரும். உங்கள் நெறியாளர் கவனிக்க வேண்டியது இதைத்தான்: கணினி உங்களுக்குப் பதிலைத் தருவதில்லை, “இந்த மூலிகை வேதிப்பொருளையும் அந்த நொதியையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லையே” என்று கேள்வியைத் தருகிறது. அதற்கு அப்புறம் குடுவையைக் கையில் எடுக்கப் போவது நீங்கள்தான். கேள்வி கண்டுபிடிப்பது ஆராய்ச்சியின் பாதி வேலை என்பதை அவரும் ஒப்புக்கொள்வார்.

எங்கள் கல்லூரியில் ஒரு மாணவர் ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சின்ன நிரல், எழுதி ஒரே ராத்திரியில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை இறக்கிவிட்டார். விடிந்ததும் கல்லூரி முழுக்க அந்தப் பதிப்பகத்தின் இதழ்கள் எதுவும் திறக்கவில்லை. இனிமேல் இந்த வேலையே கூடாது என்று நிர்வாகம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. சரிதானா?
– உதவிப் பேராசிரியர், கோவை

சரியில்லை. அந்த மாணவர் செய்ததில் அவசரம் இருக்கிறது, தப்பான நோக்கம் இல்லை. நான் நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில் இதே மாதிரி ஒன்று நடந்து, ஒரு நல்ல பையன் திருடனைப் போல விசாரிக்கப்பட்டு, கடைசியில் அந்தத் தலைப்பையே விட்டுவிட்டுப் போனான். இன்றும் அதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

நடந்தது இதுதான். கல்லூரி முழுவதும் சில ஐபி முகவரிகள் வழியாகத்தான் பதிப்பகத்தின் தளத்துக்குப் போகிறது. ஒரே முகவரியிலிருந்து நிமிடத்துக்கு நூறு கட்டுரை இறங்கினால் அந்தத் தளம் அதைத் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் சேர்த்துக் கதவைச் சாத்திவிடும். இதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. உயிரியல், மருத்துவம் என்றால் பப்மெட் சென்ட்ரல் என்ற முழுக்கட்டுரைக் களஞ்சியத்தின் திறந்த அணுக்கத் தொகுப்பை, அதாவது யாரும் காசில்லாமல் படிக்கும் கட்டுரைகளை, மொத்தமாகவே இறக்கிக்கொள்ளலாம், அதற்கென்றே வைத்திருக்கிறார்கள். அதே மாதிரி ஐரோப்பியக் களஞ்சியமான யூரோப் பிஎம்சியும் அப்படித்தான். இயற்பியல், கணிதம், கணினி அறிவியலுக்கு ஆர்க்சிவ் என்ற இலவசக் கட்டுரைத் தளம். எந்தக் கட்டுரை எந்த உரிமத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, கட்டுரை விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் கிராஸ்ரெஃப். சந்தா கட்டிப் படிக்கும் இதழ்கள் என்றால் பெரிய பதிப்பகங்கள் பலவும் இதற்காகவே ஏபிஐ, அதாவது நிரல்கள் நுழைவதற்கென்றே ஒரு தனி வாசல், வைத்திருக்கின்றன. அதற்கான சாவியை, அதாவது அனுமதிக் குறியீட்டை, வாங்கிக்கொண்டு, அவர்கள் சொல்லும் வேகத்தில் எடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நூலகரிடம் போய், சந்தா ஒப்பந்தத்தில் உரை அகழ்வு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். 2025 ஜனவரியிலிருந்து ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அரசு கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், மக்கள் பணம். இவ்வளவு கொடுத்து வாங்கியதைக் கண்ணால் மட்டும்தான் படிக்க வேண்டும் என்றால் வயிறு எரியாதா? நூலகர்கள் இதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் நிர்வாகமும் தடைச் சுற்றறிக்கையை எடுத்துவிட்டு, யாரிடம் கேட்டு எப்படிச் செய்வது என்று ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டினால் போதும்.

இதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா? காப்புரிமை வழக்கு வராதா?
– வாசகர், சென்னை

நம் நாட்டில் நேரடியாக ஒரு வரி இல்லை. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின், அதாவது காப்பிரைட் சட்டத்தின், 52ஆம் பிரிவில், ஆராய்ச்சி உட்பட சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளல் மீறல் ஆகாது என்று இருக்கிறது. கணினி அலசலும் அதற்குள் அடங்கும் என்பது என் கருத்து. ஆனால் என் கருத்தை நம்பி ஒரு பல்கலைக்கழகம் சர்வர் வைக்காது. அதுதான் பிரச்சினை.

மற்ற நாடுகள் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டன. ஜப்பான் 2009லேயே தொடங்கி, 2018இல் சட்டத்தை இன்னும் தாராளமாக்கியது. பிரிட்டனில் 2014 ஜூன் முதல், முறையாகப் படிக்க உரிமை உள்ள எதையும் வணிக நோக்கில்லாத ஆராய்ச்சிக்காகக் கணினியால் அலசலாம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதினாலும் அந்த வரி செல்லாது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு இதே பாதுகாப்பைக் கொடுத்தது. சிங்கப்பூரின் 2021 சட்டம் வணிகப் பயன்பாட்டையும் சேர்த்தே அனுமதிக்கிறது.

இங்கே பதிப்பகங்களின் பயத்தையும் சொல்லிவிடுகிறேன். மொத்தமாக நகல் எடுத்தவர் அதை வெளியே விட்டுவிட்டால் என்ன செய்வது என்கிறார்கள். நியாயமான பயம். அதற்கு நகலைப் பத்திரமாக வைக்கச் சொல்லிக் கட்டுப்பாடு போடலாம், ஐரோப்பியச் சட்டமே அப்படிச் சொல்கிறது. அலசுவதையே தடுப்பது அதற்கு மருந்து இல்லை. ஒரு கட்டுரையில் எந்த வார்த்தை எத்தனை முறை வருகிறது, எது எதோடு சேர்ந்து வருகிறது என்பதெல்லாம் தகவல். தகவலுக்குக் காப்புரிமை கிடையாது. பிரிட்டன் மாதிரி ஒரே ஒரு உட்பிரிவு நம் சட்டத்திலும் வர வேண்டும்.

சங்க இலக்கியத்தில் தாவரப் பெயர்களைக் கணினியால் எண்ணி ஆய்வு செய்ய ஆசை. தமிழ்த் துறையில் இதை ஏற்பார்களா?
– முதுகலை மாணவர், மதுரை

ஏற்காமல் என்ன தம்பி? எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று பட்டியல் போடும் சொல்லடைவு நமக்குப் புதுசா? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை 1967இலிருந்து 1970க்குள் மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. ஐராவதம் மகாதேவன் சிந்துவெளி எழுத்துகளுக்குக் கணினி உதவியோடு அடைவு தயாரித்து 1977இல் வெளியிட்டார். அந்த எழுத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். உலக அளவில் பார்த்தால் இத்தாலியப் பாதிரியார் ரொபெர்த்தோ பூசா 1949இல் ஐபிஎம் நிறுவனத்தின் படியேறி, துளை அட்டைகளை வைத்து, இடைக்காலக் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாசின் நூல்களுக்கு அடைவு செய்யத் தொடங்கினார். பல பத்தாண்டுகள் பிடித்தது.

ஆனால் தமிழில் எண்ணுவது அவ்வளவு சுலபம் இல்லை. ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’, ‘மரத்தை’ எல்லாம் விட்டுப்போகும். ‘ஆறு’ என்று தேடினால் நதியும் வரும், வழியும் வரும், எண்ணும் வரும். சங்கப் பாட்டில் புணர்ச்சி வேறு, இரண்டு சொல் ஒட்டிக்கொண்டு மூன்றாவது உருவத்தில் நிற்கும். அதனால் சந்தி பிரித்த பாடமா, பிரிக்காத பாடமா, எந்தப் பதிப்பு என்பதை முதலிலேயே முடிவு செய்து ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள். மூலத்துக்கு 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பு இருக்கிறது, நேரடி உரையாகவே கிடைக்கும். ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற இணையத்தளம். பழைய அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து, படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரியில் போட்டால் மட்டும் கவனம்: துணைக்காலும் ‘ர’வும் மாறிப்போகும், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘றா’, ‘னை’ வடிவங்களில் தடுமாறும். பத்துப் பக்கத்தையாவது கையால் ஒப்பிட்டுப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை எழுத்து பிழை என்று கணக்கு எடுங்கள். குறிஞ்சித் திணையில் எந்தப் பூ அதிகம் என்று நீங்கள் சொல்லும்போது அந்தக் கணக்குதான் உங்களுக்குக் காவல்.

கணினி தப்பாகப் படித்தால்?
– வாசகி, சேலம்

படிக்கும். அதனால்தான் அது எடுத்துக் கொடுத்ததில் ஒரு பகுதியைக் கண்ணால் சரிபார்ப்பது கட்டாயம். அதே சமயம் மனிதர்களின் தப்பைக் கணினி பிடித்த கதையும் இருக்கிறது. உளவியல் கட்டுரைகளின் புள்ளியியல் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கும் ஸ்டேட்செக் என்ற நிரலை, எட்டு இதழ்களில் 1985 முதல் 2013 வரை வந்த கட்டுரைகளில் ஓட்டினார்கள். பாதிக் கட்டுரைகளில் ஒரு கணக்காவது ஒத்துவரவில்லை, எட்டில் ஒன்றில் முடிவையே பாதிக்கக்கூடிய பிழை. இன்னொன்று: ‘பிரெஸ்ட் கேன்சர்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘பூஸம் பெரில்’ என்று, அதாவது மார்பக ஆபத்து என்று, எழுதிய கட்டுரைகள் வெளிவந்திருக்கின்றன. காப்பியடித்தது தெரியாமல் இருக்க மென்பொருளில் போட்டு வார்த்தை மாற்றியதன் விளைவு. அந்த மாதிரிச் சொற்களைப் பட்டியல் போட்டு, பிரான்சில் கியோம் கபனாக்கும் அவருடைய நண்பர்களும் ஆயிரக்கணக்கான சந்தேகக் கட்டுரைகளைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். புற்றுநோய் மருந்து பற்றி ஒரு மாணவி படிக்கப் போகும் கட்டுரை அதில் ஒன்றாக இருந்திருக்கலாம்.

நிரல் எழுதத் தெரியாதவர்கள் என்ன செய்வது?
– ஆசிரியர், தஞ்சாவூர்

பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள், விடுமுறை இரண்டு மாதம் போதும். அதுவரை பொறுக்க முடியாது என்றால் ஆன்ட்கான்க் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, கோப்பைத் திறந்து ஒரு சொல்லைத் தட்டினால் அது வரும் எல்லா இடத்தையும் முன்பின் சொற்களோடு வரிசையாகக் காட்டும். தமிழ் உரையை யூனிகோடில் சேமித்துவிட்டுத் திறவுங்கள். திருக்குறளைப் போட்டு ‘அறம்’ என்று தேடிப் பாருங்கள். ‘அறத்தான்’, ‘அறத்தின்’ வராது, அதைத் தனியாகத் தேட வேண்டும்.