எண்ணெய் தீரும் நாள் ஏன் தள்ளிப்போகிறது?

கேள்வி: 1980களில் நான் பள்ளியில் படித்தபோது, உலகில் இன்னும் 30 ஆண்டுகளுக்குத்தான் எண்ணெய் இருக்கும் என்றார் எங்கள் ஆசிரியர். இப்போது 50 ஆண்டுகள் என்கிறார்கள். கச்சா எண்ணெய் உண்மையில் தீருமா, தீராதா?
– வாசகர், விருதுநகர்

பதில்: உங்கள் ஆசிரியர் போட்ட கணக்கில் பிழையில்லை. 1980இல் உறுதிசெய்யப்பட்டிருந்த இருப்பு 70,000 கோடி பீப்பாய்க்கும் குறைவு. அதை அன்றைய ஆண்டு நுகர்வால் வகுத்தால் ஏறத்தாழ 30 வரும். அதன் பிறகு உலகம் 1,00,000 கோடி பீப்பாய்க்கு மேல் எரித்துத் தீர்த்திருக்கிறது. ஆனாலும் இன்றைய இருப்பு சுமார் 1,70,000 கோடி பீப்பாய் என்றே சொல்லப்படுகிறது. ‘இருப்பு’ என்பது நிலத்தடியில் உள்ள மொத்த எண்ணெயன்று. இன்றைய விலைக்கும் இன்றைய தொழில்நுட்பத்துக்கும் கட்டுப்படியாக எடுக்கக்கூடிய பகுதி மட்டுமே. விலை ஏறினாலோ புதிய முறை வந்தாலோ, அதுவரை கணக்கில் வராத எண்ணெயும் இருப்பாகிவிடும்.

இதற்கு அமெரிக்காவைவிடத் தெளிவான சான்று இல்லை. அந்நாட்டின் எண்ணெய் உற்பத்தி 1965க்கும் 1970க்கும் இடையில் உச்சத்தைத் தொட்டுச் சரியத் தொடங்கும் என்று நிலவியலாளர் கிங் ஹப்பர்ட் 1956இல் கணித்தார். 1970இல் நாளொன்றுக்கு 96 லட்சம் பீப்பாயாக இருந்த உற்பத்தி, அவர் சொன்னபடியே இறங்கி, 2008இல் 50 லட்சமாகச் சுருங்கியது. அதன்பின், கிடைமட்டமாகத் துளையிட்டு, நீரையும் மணலையும் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கும் முறை பரவியதால், ஷேல் பாறைக்குள் சிக்கியிருந்த எண்ணெய் வெளிவந்து, 2023இல் உற்பத்தி 1.29 கோடி பீப்பாயை எட்டியது.

ஆனால் இருப்புக் கணக்கை அப்படியே நம்புவதும் சரியன்று. 1980களில், ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக், உற்பத்தி ஒதுக்கீட்டுக்கு இருப்பையும் ஓர் அளவுகோலாகக் கொள்ளும் பேச்சு எழுந்த காலத்தில், குவைத், ஈராக், சவுதி அரேபியா உள்ளிட்ட உறுப்பு நாடுகள், அதற்கு ஈடான புதிய கண்டுபிடிப்புகள் எதுவுமின்றியே தம் இருப்பைப் பெருமளவு உயர்த்தி அறிவித்தன. அவற்றைச் சுயேச்சையாகச் சரிபார்க்க வெளியாருக்கு வழியில்லை. தனித்தனி எண்ணெய் வயல்கள் வற்றுவதும் கண்கூடு. 2004இல் நாளுக்கு 20 லட்சம் பீப்பாய்க்கு மேல் தந்த மெக்சிகோவின் காண்டரெல் வயல், பத்தே ஆண்டுகளில் அதில் நான்கில் ஒரு பங்குகூடத் தரவில்லை. ஷேல் கிணறுகள் இன்னும் விரைவாகத் தளர்வதால், உற்பத்தியைத் தக்கவைக்கவே புதிது புதிதாகத் துளையிட வேண்டியிருக்கிறது.

ஆகவே, கடைசிச் சொட்டு வரை எண்ணெய் தீரும் நாள் வராது என்பதே என் முடிவு. எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கும் எண்ணெய்தான் குறையும். எஞ்சியதை எடுக்கும் செலவு கட்டாத நிலையில் அது மண்ணுக்குள்ளேயே விடப்படும். புவி வெப்பமாதலைக் கருதினால், கையிலிருக்கும் இருப்பிலேயே பெரும்பகுதியை எரிக்காமல் விட்டாக வேண்டும். கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் இந்தியா அஞ்ச வேண்டியது எண்ணெய் அடியோடு தீர்வதைப் பற்றியன்று. வேறு ஆற்றலுக்கு மாறி முடிப்பதற்குள் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடுவதைப் பற்றித்தான்.